சென்னையிலிருந்து பாண்டிக்குக் காரில்: ஈ.சி.ஆரா, ஜி.எஸ்.டி ரோடா? முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் காரில் போக இரண்டு முக்கியமான வழிகள் இருக்கின்றன. ஒன்று கடலோரமாக மாமல்லபுரம், மரக்காணம் வழியாகப் போகும் ஈ.சி.ஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை). சுமார் 150 கி.மீ. இன்னொன்று தாம்பரம், செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி ரோடு (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு). இது பதினைந்து, இருபது கி.மீ. கூடுதல். ஆனால் அகலமான நெடுஞ்சாலை, நடுவில் தடுப்பு, ஒரே வேகத்தில் போகலாம். போனில் மேப்பைத் திறந்தால் இரண்டுக்கும் நேர வித்தியாசம் சில நாட்களில் பத்து நிமிடம்தான் காட்டும். அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்து வழியைத் தீர்மானிக்காதீர்கள். தீர்மானிக்க வேறு விஷயங்கள் இருக்கின்றன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழியில் இறங்கி நிற்க உங்களுக்கு இரண்டு மணி நேரமாவது இருந்தால், அதுவும் பகல் வெளிச்சத்தில் இருந்தால், ஈ.சி.ஆரில் போங்கள். இல்லையென்றால் ஜி.எஸ்.டி ரோடு.

காரணம் இதுதான். ஈ.சி.ஆர் என்றதும் இடது பக்கம் கடல் கூடவே வரும் என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள் அதிகம். அப்படி வராது. பெரும்பாலான தூரத்துக்குக் கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவே வீடுகள், ரிசார்ட் மதில்கள், சவுக்குத் தோப்புகள், குப்பங்கள் இருக்கின்றன. ஓடும் வண்டியிலிருந்து தண்ணீர் நன்றாகக் கண்ணில் படுவது முட்டுக்காடு பாலம், பாலாற்று முகத்துவாரப் பக்கம், ஓதியூர் காயல், மரக்காணம் கழிவெளி என்று சில இடங்களில்தான். அவற்றிலும் பாதி கடல் கிடையாது, உப்பங்கழி. இந்த ரோட்டின் அழகு முழுவதும் அதிலிருந்து பிரிந்து போகும் சின்னச் சின்ன மண் ரோடுகளின் முனையில் இருக்கிறது. நிற்காமல் ஓட்டிப் போனால் குறுகலான ரோட்டின் ஆபத்து மட்டும்தான் உங்கள் பங்குக்கு வரும்.

படி 1: வீடு எங்கே, போய்ச் சேரும் இடம் எங்கே?

மேப் காட்டும் நேரத்தைவிட இது முக்கியம். அடையாறு, திருவான்மியூர், பெசன்ட் நகர், ஓ.எம்.ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கம் குடியிருந்தால் ஈ.சி.ஆர் வாசலிலேயே இருக்கிறது. ஜி.எஸ்.டி-யைப் பிடிக்க நகரத்துக்குள்ளேயே முக்கால் மணி நேரம் போய்விடும். போரூர், அண்ணா நகர், அம்பத்தூர், ஆவடி என்றால் நிலைமை நேர் எதிர். மதுரவாயல் பைபாஸிலோ வெளிவட்டச் சாலையிலோ ஏறினால் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் நேராக ஜி.எஸ்.டி-யில் இறங்கலாம். அங்கிருந்து மனம் மாறி ஈ.சி.ஆர் போகவேண்டும் என்றால் வண்டலூர்-கேளம்பாக்கம் ரோடு இருக்கிறது. கேளம்பாக்கத்திலிருந்து கோவளத்துக்கு வந்து கடலோர ரோட்டைப் பிடிக்கலாம். வேளச்சேரி, மேடவாக்கம்காரர்களுக்குச் சோழிங்கநல்லூரிலிருந்து அக்கரைக்கு இணைப்பு ரோடு இருக்கிறது. ஓ.எம்.ஆரிலேயே முழுக்கப் போய் மாமல்லபுரத்துக்கு முன்னால் பூஞ்சேரியில் ஈ.சி.ஆரில் சேரவும் முடியும். ஆனால் மெட்ரோ பணி முடியும்வரை ஓ.எம்.ஆரை அதிகாலையில் தவிர வேறு நேரத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

போய்ச் சேரும் இடமும் கணக்கில் வரவேண்டும். ஈ.சி.ஆர் உங்களைக் காலாப்பட்டு, கோட்டக்குப்பம், முத்தியால்பேட்டை வழியாக ஊருக்குள் கொண்டுபோய் விடும். கடற்கரைச் சாலை, ஒயிட் டவுன், ஆரோவில் போகிறவர்களுக்கு இது தோது. கோட்டக்குப்பத்துக்குள் மட்டும் ரோடு நெருக்கம், கடை வீதி, ஊர்ந்துதான் போகவேண்டும். ஜிப்மர் மருத்துவமனை, பஸ் ஸ்டாண்ட், வில்லியனூர், அல்லது பாண்டியைத் தாண்டிக் கடலூர் போகவேண்டும் என்றால் திண்டிவனம் ரோடு கோரிமேடு வழியாக எளிதாகச் சேர்த்துவிடும். ஜிப்மருக்கு நோயாளியை அழைத்துப் போகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், ஜி.எஸ்.டி-தான்.

படி 2: எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்?

விடியற்காலை ஐந்தரைக்குத் திருவான்மியூரைத் தாண்டினால் ஈ.சி.ஆர் உங்களுடையது. ஒரு மணி நேரத்தில் மாமல்லபுரம் வந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் பார்க்கவேண்டியதைப் பார்த்துவிடலாம். சனிக்கிழமை காலை எட்டரைக்கு மேல் கிளம்பினால் நீலாங்கரை முதல் கோவளம் வரை வாரக்கடைசிக் கூட்டத்தோடு சேர்ந்து நகரவேண்டியதுதான். அந்த நேரத்தில் ஜி.எஸ்.டி நல்லது.

மதியத்துக்கு மேல் கிளம்புகிறவர்களுக்கு ஒரு நுணுக்கம். ஜி.எஸ்.டி ரோடு சென்னையிலிருந்து தென்மேற்காகப் போகிறது. மாலை நான்கு மணிக்கு மேல் சூரியன் டிரைவருக்கு நேர் எதிரே, வலது ஓரமாக இறங்கும். கண்ணாடியில் தூசி இருந்தால் முன்னால் போகும் வண்டியின் பிரேக் லைட்கூடத் தெரியாது. கிளம்புமுன் முன்கண்ணாடியை உள்பக்கமும் துடைத்துக்கொள்ளுங்கள். உள்ளே படியும் படலம்தான் அதிகம் கூசவைக்கும்.

இருட்டிய பிறகு ஈ.சி.ஆரில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே போகவே வேண்டாம். இதில் எனக்கு விட்டுக்கொடுத்தல் கிடையாது. காரணத்தை ஓட்டும் முறையைப் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

படி 3: வண்டியில் யார் யார்?

பாட்டி, தாத்தா, கர்ப்பிணி, கைக்குழந்தை இருந்தால் கழிப்பறைதான் முதல் கேள்வி. ஜி.எஸ்.டி-யில் பெட்ரோல் பங்க்கும் ஓட்டலும் அடுத்தடுத்து வரும். ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் தாண்டினால் மரக்காணம் வரை சுத்தமான கழிப்பறை கிடைப்பது சிரமம். பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்பது வண்டி ஓட்டுகிற பல ஆண்களுக்குத் தோன்றுவதே இல்லை. மாமல்லபுரத்தில் டிபன் சாப்பிடும் ஓட்டலிலேயே எல்லோரும் போய்விட்டு வந்துவிடுங்கள்.

உடம்பு சரியில்லாதவர் இருந்தால் ஆஸ்பத்திரியையும் யோசியுங்கள். ஜி.எஸ்.டி-யில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வழியிலேயே இருக்கிறது. இடுப்பு வலி, கழுத்து வலி உள்ளவர்களுக்கு ஈ.சி.ஆரின் ஊருக்கு ஊர் வேகத்தடை ஒத்துவராது. வாந்தி வரும் குழந்தைகளுக்கும் நின்று நின்று போகும் ரோட்டைவிட ஒரே சீராகப் போகும் ரோடு நல்லது.

படி 4: மாதமும் நாளும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இந்தக் கரைதான் புயல் கரையைக் கடக்கும் இடமும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கடந்து விழுப்புரம் மாவட்டம் முழுவதையும் வெள்ளக்காடாக்கியது. புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் கடலோர ரோடு வேண்டாம். புயல் போன மறுநாளும் வேண்டாம். விழுந்த மரங்கள், அறுந்த மின்கம்பிகள், தண்ணீருக்கு அடியில் மறைந்த பள்ளங்கள் இருக்கும்.

தீபாவளி, பொங்கல், ஆயுத பூஜைத் தொடர் விடுமுறை என்றால் கணக்கு மாறும். தென்மாவட்டங்களுக்குப் போகும் மொத்தக் கூட்டமும் ஜி.எஸ்.டி-யில்தான் இறங்கும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கம் பஸ்கள் இன்னும் அதிகம். அப்புறம் பரனூர் டோல்கேட் வரிசை. அந்த நாட்களில் பாண்டிக்குப் போகிறவர் ஈ.சி.ஆரைப் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களிலும் ஆடிப்பூரத்தின்போதும் மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை பக்தர்கள் பஸ் பஸ்ஸாக வருவார்கள். அந்தப் பகுதியில் வேகத்தைக் குறையுங்கள். புத்தாண்டுக்கு முதல் நாள் இரவு இரண்டு ரோடும் வேண்டாம். மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

படி 5: ஈ.சி.ஆர் என்று முடிவானால் எங்கே நிற்பது?

வழியில் பார்க்க நிறைய இருக்கிறது என்பதால் எல்லாவற்றையும் ஒரே நாளில் திணித்து, கடைசியில் எதையும் பார்க்காமல் போகிறவர்கள் உண்டு. ஒரு பெரிய இடம், ஒரு சின்ன இடம் போதும்.

போகும்போது கடல் இடது கைப் பக்கம். நாம் ஓட்டுவதும் இடது பக்கம். அதனால் கடலோர இடங்களில் நிற்கப் போகும் பயணமே வசதி. திரும்பும்போது ஒவ்வொரு முறையும் எதிரே வரும் வண்டிகளைக் கடந்து வலது பக்கம் திரும்பவேண்டும், பிறகு மறுபடி கடந்து வரவேண்டும். அது தேவையில்லாத ஆபத்து.

குழந்தைகள் இருந்தால் வடநெம்மேலி முதலைப் பண்ணை. 1976-ல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கியது. பழைய வீடுகளிலும் கைத்தொழில்களிலும் ஆர்வம் உள்ளவர்களுக்கு முட்டுக்காடு தட்சிணசித்ரா. தென்னிந்திய மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஆனால் இந்த இரண்டும் காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒத்துவராது, திறந்திருக்காது. அவர்கள் மாமல்லபுரத்தில் நிற்கலாம். கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் காலை வெயிலில் பார்ப்பதற்கும் பதினொரு மணிக் கூட்டத்தில் பார்ப்பதற்கும் சம்பந்தமே இல்லை. 1984-லேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானவை அவை. ஏற்கெனவே பலமுறை பார்த்தவர்கள் கல்பாக்கம் அருகே சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்குப் போகலாம். உள்ளே டச்சுக்காரர்களின் கல்லறைகள், எழுத்தும் சித்திரமும் செதுக்கிய பெரிய பலகைக் கற்களோடு இருக்கின்றன.

சின்ன இடம் என்று நான் முதலில் சொல்வது ஆலம்பரைக் கோட்டை. கடப்பாக்கத்தில் ரோட்டை விட்டு இடது பக்கம் திரும்பி ஊருக்குள்ளே போகவேண்டும். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மதில்கள், இடிந்து, மரவேர்கள் பிடித்து நிற்கின்றன. 1750-ல் பாண்டியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவின் உதவிக்குக் கைம்மாறாக, ஹைதராபாத் நிஜாம் பதவிக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங் இந்தக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தார். பத்தே வருடத்தில், 1760-ல், ஆங்கிலேயர்கள் பிடித்து இடித்துப் போட்டார்கள். மதிலுக்கு அப்பால் கழிமுகம், அதற்கு அப்பால் மணல் திட்டு, அதற்கும் அப்பால் கடல். கடை எதுவும் இருக்காது என்று வைத்துக்கொண்டு தண்ணீரும் தொப்பியும் எடுத்துப் போங்கள். மதில் மேல் ஏறாதீர்கள், செங்கல் உதிரும் நிலையில் இருக்கிறது.

அடுத்தது மரக்காணம் உப்பளம். ரோட்டின் இரு பக்கமும் வரப்பு கட்டிய பாத்திகள். நல்ல வெயில் மாதங்களில் நீள்கோல் பலகையால் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்குவதைப் பார்க்கலாம். வாரிய உப்பு முதலில் ஈரமாக, லேசான சாம்பல் நிறத்தில் இருக்கும். தண்ணீர் வடிந்த பிறகுதான் வெள்ளை பளீரென்று ஏறும். பெண்கள் அதைக் கூடையில் வாரித் தலையில் வைத்துக் குவியலுக்குக் கொண்டுபோவார்கள், குவியலைக் கீற்றால் மூடி வைப்பார்கள். கண் கூசும் வெயிலில், பாதம் முழுக்க உப்புத் தண்ணீரில் செய்யும் வேலை அது. போட்டோ எடுப்பதற்கு முன் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மழை மாதங்களில் பாத்திகள் எல்லாம் தண்ணீர்தான். அப்போது பக்கத்திலுள்ள கழிவெளிக்கு வலசைப் பறவைகள் வரும். 2021-ல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் வழியெல்லாம் நுங்கு, தர்பூசணி கிடைக்கும். நிறுத்தும்போது நான்கு சக்கரமும் தாரை விட்டு இறங்கியிருக்கட்டும். முட்டுக்காடு பாலத்தில் செல்பிக்காக நிறுத்தாதீர்கள். பெயர் தெரியாத கடற்கரையில் குளிக்க இறங்காதீர்கள். இந்தக் கரையில் இழுவை பலமானது, கணுக்கால் அளவுத் தண்ணீரில் நிற்பவரைக்கூடச் சாய்த்துவிடும்.

நேரக் கணக்கு சுமாராக இப்படி வரும்: ஐந்தரைக்குத் திருவான்மியூர், ஆறே முக்காலுக்குள் மாமல்லபுரம், கோயிலும் டிபனும் முடித்து எட்டரைக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்கு ஆலம்பரை, பதினொன்றுக்குள் மரக்காணம், பன்னிரண்டு வாக்கில் பாண்டி.

படி 6: இரண்டு ரோட்டையும் ஓட்டும் முறை வேறு

இன்றைய ஈ.சி.ஆர், மீனவக் கிராமங்களை இணைத்துக்கொண்டிருந்த பழைய ரோடுகளைச் சேர்த்து 1990-களில் உருவானது. அதனால் ஊர் ஒரு பக்கம், கடலும் படகும் மறுபக்கம். பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடம், மீன் ஏலம் எல்லாவற்றுக்கும் மக்கள் ரோட்டைக் கடந்தாகவேண்டும். அது அவர்களுடைய வாசல். நாம்தான் அதன் வழியாகப் போகிறோம். ஊர்ப்பெயர்ப் பலகையைப் பார்த்ததும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

மாமல்லபுரம் வரை அகலமான நான்கு வழிதான். அதற்குத் தெற்கே விரிவாக்கப் பணி பகுதி பகுதியாக நடப்பதால் புது ரோடும் பழைய இரண்டு வழி ரோடும் மாற்றுப்பாதையும் மாறி மாறி வரும். இரண்டு வழிப் பகுதியில்தான் கவனம் வேண்டும். எதிரே ஒரு பஸ் இன்னொரு வண்டியை முந்திக்கொண்டு, ஹெட்லைட்டை அடித்தபடி உங்கள் பக்கத்துக்கே வரும். ‘நான் வருகிறேன், நீ ஒதுங்கு’ என்பதுதான் அந்த லைட்டுக்கு அர்த்தம். நியாயம் பேசாமல் ஒதுங்குங்கள். ஆனால் தார் விளிம்புக்கும் பக்கத்து மண்ணுக்கும் அரை அடி இறக்கம் இருக்கலாம். வேகமாக ஸ்டியரிங்கை ஒடித்தால் வண்டி கவிழும். முதலில் பிரேக், பிறகு மெதுவாக இறக்குங்கள். நீங்கள் முந்தும்போது எதிர் ரோடு முழுவதும் காலியாகத் தெரிந்தால் மட்டும் முந்துங்கள். வளைவில் சவுக்குத் தோப்பு மறைக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

இருட்டில் வேண்டாம் என்று சொன்னது மாடுகளுக்காக. பொழுது சாய்ந்ததும் தார் ரோட்டின் சூட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளும். எதிர் வண்டியின் ஹைபீமில் கண் கூசிய அடுத்த நொடியில் கறுப்பு மாடு தெரியாது. பல இடங்களில் தெருவிளக்கும் கிடையாது.

ஜி.எஸ்.டி-யில் ஆபத்து வேறு மாதிரி. வலது வரிசையிலேயே மெதுவாகப் போகும் லாரிகள், அதனால் இடது பக்கம் முந்தவேண்டிய கட்டாயம், ஓரத்தில் விளக்கில்லாமல் நிறுத்திய டிரெய்லர், குறுக்கு வழிக்காக எதிர்த்திசையில் வரும் பைக். இடது பக்கம் முந்துவதாக இருந்தால் லாரி டிரைவரின் கண்ணாடியில் உங்கள் கார் தெரிகிறதா என்று பார்த்து, ஹாரன் அடித்து, சட்டென்று தாண்டிவிடுங்கள். லாரிக்குப் பக்கத்தில் இணையாகப் போய்க்கொண்டே இருக்காதீர்கள். இந்த ரோட்டின் பெரிய எதிரி தூக்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் விடியற்காலை மூன்று முதல் ஐந்து வரையும் கண் அசந்துவிடும். கண் எரிய ஆரம்பித்தால் பங்க்கில் நிறுத்தி இருபது நிமிடம் தூங்குங்கள். பாட்டைச் சத்தமாக வைப்பதெல்லாம் உதவாது. தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033, விபத்து என்றால் 108.

ஜி.எஸ்.டி-யில் பார்க்க ஒன்றும் இல்லை என்பதும் சரியில்லை. செங்கல்பட்டில் கொளவாய் ஏரி, மதுராந்தகத்தில் பெரிய ஏரியும் ஏரி காத்த ராமர் கோயிலும், அச்சிறுபாக்கம் பக்கம் குன்றுகள் இருக்கின்றன. நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் படாளத்திலிருந்து வேடந்தாங்கலுக்குத் திரும்பலாம். அந்த மாதங்களில் அழகுக்காகவே ஜி.எஸ்.டி-யைத் தேர்ந்தெடுக்கலாம் என்பேன்.

படி 7: நடுவழியில் மாற மூன்று இடங்கள்

எடுத்த முடிவைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போகவேண்டியதில்லை. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு ரோடு இருக்கிறது, சுமார் 30 கி.மீ. காலையில் மாமல்லபுரம் பார்த்துவிட்டு மீதியை ஜி.எஸ்.டி-யில் ஓட்ட நினைப்பவர்களுக்கு இது அருமையான வழி. வேதகிரீஸ்வரர் மலைக்கோயிலும் வழியிலேயே வரும். அடுத்தது செய்யூர் பக்கமிருந்து மதுராந்தகம் போகும் ரோடு. மூன்றாவது மரக்காணம்-திண்டிவனம் ரோடு. மழை பிடித்துக்கொண்டாலோ, ஆலம்பரையில் நேரம் போனது தெரியாமல் மாலையாகிவிட்டாலோ மரக்காணத்தில் வலது பக்கம் திரும்பித் திண்டிவனம் போய் நெடுஞ்சாலையைப் பிடித்துவிடுங்கள். சுற்றுத்தான், ஆனால் இருட்டில் இரண்டு வழி ரோட்டைவிட மேல்.

படி 8: திரும்பும் பயணம்

போகும்போது ஈ.சி.ஆர், வரும்போது ஜி.எஸ்.டி என்று வைத்துக்கொள்வது பெரும்பாலோருக்குப் பொருந்தும். வரும்போது எல்லோரும் களைத்திருப்பார்கள், யாருக்கும் இறங்கிப் பார்க்கத் தோன்றாது. ஞாயிறு மாலை மட்டும் இரண்டு ரோடும் நெரியும். மதியம் சாப்பிட்டதும் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். அல்லது இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஒன்பது மணிக்கு மேல் திண்டிவனம் வழியாக வாருங்கள், ஓட்டுகிறவர் மதியம் தூங்கியிருந்தால் மட்டும். திங்கள் விடியற்காலை கிளம்புகிறவர்களுக்கு ஜி.எஸ்.டி-யில் காலை வெயில் நேர் முகத்தில் அடிக்கும், கூலிங் கிளாஸ் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பாண்டியில் குடித்துவிட்டுத் திரும்பி ஓட்டுவது பற்றியும் சொல்லியாகவேண்டும். முதல் நாள் இரவு நீண்ட நேரம் குடித்தவர் மறுநாள் காலையில் ‘தெளிந்துவிட்டேன்’ என்று நினைத்தாலும் ரத்தத்தில் மது மிச்சம் இருக்கலாம். அப்படி ஒருவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் சாவியை வாங்கிவிடுங்கள், அவர் பெரியவராக இருந்தாலும் சரி. குடிக்காத ஒருவர் ஓட்டட்டும். இல்லையென்றால் கார் அங்கேயே நிற்கட்டும், சென்னைக்கு இரண்டு ரோட்டிலும் பஸ் இருக்கிறது. எல்லைச் சோதனைச் சாவடிகளில் பாட்டில்களையும் தேடுவார்கள்.

கிளம்புமுன் பாஸ்டேக் பேலன்ஸ், ஸ்டெப்னி காற்று, வைப்பர், இரண்டு ஹெட்லைட்டும் எரிகிறதா என்பதைப் பாருங்கள். ஈ.சி.ஆரில் உத்தண்டியிலும், ஜி.எஸ்.டி-யில் பரனூர், ஆத்தூரிலும், பாண்டிக்கு முன்னால் மொரட்டாண்டியிலும் டோல்கேட்டுகள் இருக்கின்றன. பெட்ரோலைச் சென்னையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், ஈ.சி.ஆரின் தெற்குப் பாதியில் பங்க்குகள் தள்ளித் தள்ளித்தான் வரும்.